வராமைக்குக் காரணம்

எங்கள் சங்கத்தின் வருகைப் பதிவேட்டில் நான்கு பத்திகள் உண்டு. வரிசை எண், பெயர், கையொப்பம் ஆகிய மூன்றும் எந்தச் சங்கத்திலும் இருப்பவை. ‘வராமைக்குக் காரணம்’ என்ற நான்காவது பத்தி, நான் செயலாளராகப் பொறுப்பேற்ற முதல் மாதத்தில் அளவுகோல் வைத்து நானே கோடு போட்டுச் சேர்த்தது. அதற்குப் பின்னால் உயர்ந்த நோக்கம் இருந்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. நாற்பத்திரண்டு உறுப்பினர்கள் உள்ள சங்கத்தில் பதினான்கு பேர் மட்டுமே கூட்டத்துக்கு வருவதைப் பார்த்துச் சலித்துப்போய், வராதவர்கள் காரணத்தை எழுதித் தர நேர்ந்தால் கொஞ்சமாவது கூச்சப்படுவார்கள் என்று நினைத்தேன். கணக்குகளைத் தணிக்கை செய்து பிழைப்பவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

நான் தருமபுரியில் பட்டயக் கணக்காளராகத் தொழில் செய்கிறேன். பெயரைச் சொன்னால் ஊரில் பலருக்குத் தெரியாது. ‘ஆடிட்டர் மேடம்’ என்றால் தெரியும். எங்கள் சங்கம் மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், கல்லூரிப் பேராசிரியர்கள், வங்கி அலுவலர்கள், பொறியாளர்கள், இரண்டு கால்நடை மருத்துவர்கள் எனத் தொழில் செய்யும் பெண்கள் சேர்ந்து நடத்துவது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகும் எங்கள் உறுப்பினர் பட்டியலை நாங்கள் பிரிக்கவில்லை. பர்கூரிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் இன்றும் வருகிறார்கள். பொருளாளராக இரண்டு ஆண்டுகள், செயலாளராக மூன்று, தலைவராக மூன்று என எட்டு ஆண்டுகள் பொறுப்பில் இருந்துவிட்டு, சென்ற ஜூன் மாதம் சாவிக்கொத்தை ஒப்படைத்தேன். அந்த எட்டு ஆண்டுகளில் கற்றதை எழுதலாம் என்று உட்கார்ந்தால், எல்லாமே சுற்றிச் சுற்றி அந்த நான்காவது பத்திக்குத்தான் வந்து நிற்கின்றன.

கூச்சப்படுவார்கள் என்ற என் கணக்கு முதல் மாதமே பொய்த்துவிட்டது. யாரும் மழுப்பவில்லை; ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்கள், அல்லது எழுதச் சொல்லிச் செய்தி அனுப்பினார்கள். ‘மகளுக்குப் பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு.’ ‘மாமனாரை டயாலிசிஸுக்கு அழைத்துச் சென்றேன்.’ ‘அரூர்ப் பேருந்தைத் தவறவிட்டால் இரவில் வீடு போய்ச் சேர முடியாது.’ ‘பிரசவ அறையில் இருந்தேன்.’ முனைவர் பட்டம் பெற்ற பேராசிரியர் ஒருவர் ‘சமையல்’ என்ற ஒரே சொல்லை எழுதியிருந்தார். அதைப் படித்து அன்று சிரித்தேன். ஆண்டறிக்கை எழுதுவதற்காகப் பன்னிரண்டு மாதப் பக்கங்களையும் ஒரே இரவில் புரட்டியபோது சிரிப்பு வரவில்லை. பாதிக்கும் மேற்பட்ட காரணங்கள் வேலையைப் பற்றியவையே அல்ல. வீட்டைப் பற்றியவை, அதிலும் மாலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடைப்பட்ட வீட்டைப் பற்றியவை.

எங்கள் கூட்டம் அப்போது வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு நடந்துகொண்டிருந்தது. ஏன் ஏழு மணி என்று மூத்த உறுப்பினர்களைக் கேட்டேன். ஊரில் ஆண்கள் நடத்தும் சேவைச் சங்கங்கள் எல்லாம் அந்த நேரத்தில்தான் விடுதிகளில் கூடின, நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம் என்றார்கள். வீட்டில் இரவுச் சமையலை வேறொருவர் பார்த்துக்கொள்ளும் வசதி உள்ளவர்களுக்கு ஏற்ற நேரம் அது. நாட்டின் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண் ஒருவர் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபடும் ஆண் 97 நிமிடங்களும் செலவிடுவதாகத் தெரிய வந்தது. அந்த எண்களைச் செய்தித்தாளில் படித்தபோது எனக்குப் புதிதாக எதுவும் தோன்றவில்லை. எங்கள் பதிவேட்டின் நான்காவது பத்தியைக் கூட்டிப் போட்டால் அந்த 299தான் வரும்.

கூட்டத்தை இரண்டாம் சனிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு மாற்றினோம். அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததில் சோதிடம் ஒன்றுமில்லை. 2015 செப்டம்பர் முதல் வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் விடுமுறை. நீதிமன்றங்களுக்கும் இரண்டாம் சனிக்கிழமை விடுமுறை. மருத்துவர்களுக்குக் காலைப் புறநோயாளிகள் முடிந்து மாலை நோயாளிகள் தொடங்குவதற்கு முன் ஓர் இடைவெளி கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை வைக்கலாமே என்று சிலர் சொன்னார்கள். ஞாயிறு என்பது துணி துவைக்கவும், மாவு அரைக்கவும், உறவினர்கள் சொல்லாமல் வந்து இறங்கவும் ஏற்பட்ட நாள் என்று ஒரு வங்கி மேலாளர் பதில் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அடுத்த சில மாதங்களில் வருகை பதினான்கிலிருந்து இருபத்தைந்து, இருபத்தாறு என்று ஆனது. முகூர்த்த மாதங்களில் மறுபடியும் விழுந்தது. அதற்கு எந்தச் சங்கத்திலும் மருந்து கிடையாது.

நேரத்தை மாற்றியது பாதி வேலைதான். வந்தவர்களுடைய நேரத்தை வீணாக்காமல் இருப்பது மீதிப் பாதி. கூட்டம் தொண்ணூறு நிமிடங்களுக்கு மேல் போகக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். மாதக் கூட்டத்துக்குச் சிறப்பு விருந்தினரை அழைப்பதையும் நிறுத்தினோம். எங்கள் ஊரில் பெண்கள் கூடும் எந்த மேடைக்கு எவரை அழைத்தாலும், அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்ததிலிருந்துதான் தொடங்குவார்கள். தருமபுரியின் பழைய பெயரான தகடூர் மண்ணில் பிறந்ததால் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம் நாங்கள்; எனினும் மாதந்தோறும் இருபது நிமிடம் கேட்க வேண்டியதில்லை. (அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையைப் பற்றி எவரும் பேசக் கேட்டதில்லை. அதுவல்லவா எங்களுக்குப் பொருத்தமான கதை?)

தொழில் செய்யும் பெண்களுக்குத் தனியாகச் சங்கம் எதற்கு என்று என்னை நேரிலேயே கேட்டவர்கள் உண்டு. எங்கள் சங்கத்தைத் தொடங்கிய மூத்த மகப்பேறு மருத்துவர் இந்தக் கேள்விக்கு ஓர் எண்ணைத்தான் பதிலாகச் சொல்வார். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பிரிக்கப்படாத தருமபுரி மாவட்டத்தில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தார்கள். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடை செய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதே நடைமுறையில் இருந்தது. அந்தச் சட்டத்தின்படி அமையும் ஆலோசனைக் குழுவில் மருத்துவ வல்லுநர்களோடு ஒரு சட்ட வல்லுநரும், மூன்று சமூகப் பணியாளர்களும் இருக்க வேண்டும். அந்த மூவரில் ஒருவராவது மகளிர் அமைப்பைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். “நாற்காலியைச் சட்டம் போட்டு வெச்சிருக்கு. உக்காரத் தெரிஞ்ச பொம்பளைய யார் அனுப்பறது?” என்பது டாக்டர் அம்மாவின் கேள்வி. ஸ்கேன் அறிக்கையைப் படிக்கத் தெரிந்த மருத்துவரும், சட்டப் பிரிவைப் படிக்கத் தெரிந்த வழக்கறிஞரும், பதிவேட்டில் எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கத் தெரிந்த கணக்காளரும் ஒரே மேசையில் உட்காரப் பழக வேண்டும் என்பதற்காகத்தான் அவர் எங்களைச் சேர்த்தார்.

இந்த எண்ணம் அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. 1917இல் சென்னை அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் முன்மொழிந்த பெயரால்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்ட மேலவைக்குப் போனார். ஒரு மருத்துவரைச் சட்டம் செய்யும் இடத்துக்கு அனுப்பும் வலிமை தனி மனிதர்களிடம் இருக்கவில்லை, சங்கத்திடம் இருந்தது. நாங்கள் அந்த அளவுக்கு ஒன்றும் சாதித்துவிடவில்லை. மாவட்ட அளவிலான குழுக்களில் இருக்கும் நாற்காலிகள் வெறுமையாகக் கிடக்காமல் பார்த்துக்கொண்டோம், அவ்வளவே.

சங்கப் பொறுப்பில் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது, அங்கே எனக்குக் கீழே யாரும் இல்லை என்பதை ஏற்றுக்கொள்வதுதான். என் அலுவலகத்தில் நான் ஒரு வேலையைச் சொன்னால் பயிற்சி மாணவர்கள் செய்துவிடுவார்கள். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். சங்கத்தில் அப்படி இல்லை. என் எதிரே உட்கார்ந்திருப்பவர் இருநூறு ஆசிரியர்களை மேய்த்து ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. அவருக்குப் பக்கத்தில் அறுவைச் சிகிச்சை அரங்கில் தன் கண்ணசைவுக்கே ஆட்கள் ஓடுவதைப் பார்த்துப் பழகிய மருத்துவர். இவர்களில் எவருக்கும் நான் சம்பளம் கொடுப்பதில்லை. பதவி உயர்வைத் தடுக்கவும் முடியாது. முதல் ஆண்டில் நான் எழுதிய சுற்றறிக்கைகளை இப்போது படித்தால், வருமான வரித் துறை எனக்கு அனுப்பும் அறிவிப்புகளின் சாயல் அப்படியே தெரிகிறது. ‘தவறாமல்’, ‘உடனடியாக’, ‘கண்டிப்பாக’. அவற்றுக்கு வந்த பதில் பெரும்பாலும் மௌனம்.

மௌனத்தை உடைத்தது என் சாமர்த்தியம் அல்ல, நான் செய்த ஒரு தவறு. ஓர் அரசுப் பள்ளி மாணவியருக்கான கட்டுரைப் போட்டித் தாள்களைத் திருத்த ஆள் தேவைப்பட்டது. உறுப்பினர்களின் கைபேசிக் குழுவில் ‘உதவி தேவை’ என்று இரண்டு முறை எழுதியும் யாரும் வரவில்லை. தனிப்பட்ட எண்ணுக்கு அனுப்ப வேண்டிய செய்தி ஒன்றைக் கைதவறிக் குழுவில் போட்டுவிட்டேன்: ‘அக்கா, அறுபது தாள்கள், ஒன்றரை மணி நேர வேலை, பன்னிரண்டாம் தேதிக்குள் வேண்டும், உறையில் போட்டு நானே வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறேன்.’ பத்து நிமிடத்தில் நான்கு பேர் அதை ஏற்றுக்கொண்டார்கள். ‘உதவி’ என்று கேட்டபோது, எங்கே முடியும் என்று தெரியாத ஒரு கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற அச்சம் அவர்களுக்கு இருந்திருக்கிறது. அறுபது தாள், ஒன்றரை மணி நேரம் என்று ஆழம் தெரிந்தவுடன் இறங்கிவிட்டார்கள். அன்றிலிருந்து எந்த வேலையைக் கேட்டாலும் அதன் அளவையும் கடைசி நாளையும் சேர்த்தே கேட்பது என்று வைத்துக்கொண்டேன். முடியாது என்று சொல்பவரிடம் காரணம் கேட்பதில்லை என்பதையும் வழக்கமாக்கினோம். கூட்டத்துக்கு வராததற்குக் காரணம் எழுதச் சொன்ன நான்தான் இதையும் கொண்டுவந்தேன் என்பதில் முரண் இருக்கிறது என்று வழக்கறிஞர் தோழி ஒருத்தி இன்றும் கேலி செய்வாள்.

எல்லாவற்றிலும் இவ்வளவு தெளிவாக இருந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். மார்ச் 8ஆம் தேதிக்கு எல்லாரும் ஒரே நிறத்தில் புடவை கட்டுவது என்று ஓர் ஆண்டு முடிவானது. எந்த நிறம் என்பதைத் தீர்மானிக்க மூன்று வாரம் ஆனது; அதே ஆண்டின் வரவு செலவுக் கணக்கு மூன்று நிமிடத்தில் ஒரு கேள்வியும் இல்லாமல் நிறைவேறியது. பொருளாளரின் தொண்டைத் தண்ணீர் மிச்சமானாலும், தணிக்கையாளர் என்ற முறையில் எனக்கு அது இன்றுவரை உறுத்தல்தான்.

எங்கள் பணியில் நடந்த மிகப் பெரிய சறுக்கல் ஏரியூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நாங்கள் நடத்திய இரத்தசோகை முகாம். முகாமுக்கு வேண்டிய எல்லாமே தயாராக இருந்தன: மூன்று மருத்துவர்கள், ஓர் ஆய்வக உதவியாளர், ஹீமோகுளோபின் பார்க்கும் கருவி, மாத்திரைகள், வாழைப்பழம், சமுதாயக்கூடத்தின் வாசலை மறைக்கும் அகலத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். கிராமத்திலிருந்து நூறு பேராவது வருவார்கள் என்று எதிர்பார்த்தோம். பகல் பன்னிரண்டு வரை பதினொரு பேர் வந்திருந்தார்கள், அவர்களில் நால்வர் ஆண்கள். என்ன காரணம் என்று தேடிக்கொண்டு போனால், ஊரின் பெண்கள் எல்லாரும் ஏரிக்கரையில் நூறு நாள் வேலையில் இருந்தார்கள். காலையிலும் பிற்பகலிலும் கைபேசிச் செயலியில் படமெடுத்து வருகையைப் பதிவு செய்யும் முறை அப்போது வந்துவிட்டிருந்தது. இடையில் எழுந்து வந்தால் அன்றைய கூலி போய்விடும். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்ற ஓர் அம்மா, கோபமில்லாமல்தான் கேட்டார்: “ஏம்மா, நீங்க வர்ற நாளுன்னு நாங்க கூலியை வுட்டுட்டு வரணுமா? வர்றதுக்கு முன்னால எங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?”

திரும்பி வரும் வழியில் வண்டியில் யாரும் பேசவில்லை. எங்களுடைய மாலை ஏழு மணியை மாற்றிக்கொண்டதற்காக நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அதே ஏழு மணியை இன்னொரு ஊர்ப் பெண்களின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறோம் என்பது பென்னாகரம் தாண்டுவதற்குள் புரிந்துவிட்டது.

அந்த ஊருக்கே திரும்பப் போவது என்று முடிவெடுத்தது டாக்டர் அம்மாதான். இந்த முறை முதலில் கிராம சுகாதார செவிலியரைப் பார்த்தோம். எந்தப் பெண்ணுக்கு என்ன பிரச்சினை என்பதைப் பெயர் சொல்லிச் சொல்லக்கூடியவர் அவர். அவரைக் கேட்காமல் முகாம் நடத்தியது எத்தகைய அறியாமை என்று அப்போதுதான் உறைத்தது. வேலை இல்லாத நாளையும் நேரத்தையும் ஊர்ப் பெண்களே குறித்துக் கொடுத்தார்கள். கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு ஒரு டெசிலிட்டருக்கு 12 கிராம், கர்ப்பிணிகளுக்கு 11 கிராம் என்ற அளவுக்குக் கீழே இருந்தவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தோடு பேசி மாத்திரை அங்கிருந்தே கிடைக்க ஏற்பாடு செய்தோம். அதன் பிறகு மாதம் ஒரு முறை, இரண்டு பேர் மட்டும், பேனர் இல்லாமல் போனோம். மாத்திரை சாப்பிட்டவுடன் குமட்டுகிறது என்பதும், சாப்பாடு முடிந்த கையோடு தேநீர் குடிப்பதால் இரும்புச்சத்து உடலில் சேராமல் போவதும், குடற்புழு மாத்திரையை யாரும் எடுத்துக்கொள்வதில்லை என்பதும் இரண்டாவது, மூன்றாவது முறை போகும்போதுதான் தெரிந்தன. ஒரே நாளில் முடிந்துவிடும் முகாமில் எண்ணிக்கை கிடைக்கும், புகைப்படம் கிடைக்கும். குமட்டல் பற்றிய செய்தி கிடைக்காது.

எனக்குக் கிடைத்த இன்னொரு பாடம் ஒரு நோட்டைப் பற்றியது. காரிமங்கலம் பக்கத்திலிருந்து மகளிர் சுயஉதவிக் குழு ஒன்றின் ஊக்குநரை ஒருமுறை எங்கள் கூட்டத்துக்கு வரவழைத்திருந்தோம். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் பிறந்ததே எங்கள் மாவட்டத்தில்தான். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தருமபுரியில் தொடங்கிய பெண்கள் மேம்பாட்டுத் திட்டம் பின்னர் சேலம், தென்னாற்காடு, மதுரை, இராமநாதபுரம் என்று விரிந்து, 1997-98 முதல் மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதும் பரவியது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள், தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்குப் பதிவேடு என்ற ஒழுங்கில் வளர்ந்தவர் அந்த அம்மா. பேசி முடித்துவிட்டு, மேசையில் இருந்த எங்கள் தீர்மானப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். இரண்டு மூன்று பக்கம் பார்த்துவிட்டு என்னிடம் மெல்லக் கேட்டார்: “மேடம், போன மாசம் போட்ட தீர்மானம் நடந்துச்சா இல்லையான்னு எந்தப் பக்கத்துல எழுதுவீங்க?”

அப்படி ஒரு பக்கம் எங்களிடம் இல்லை. அழகான கையெழுத்தில், பிழையில்லாத தமிழில், ‘ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று பல ஆண்டுகளாக எழுதி வந்திருந்தோம். நடந்ததா என்று எங்கும் இல்லை. நிறுவனங்களின் இயக்குநர் குழுக் குறிப்புகளில் இதே குறையைச் சிவப்பு மையால் சுட்டிக்காட்டிக் கட்டணம் வாங்குகிறவள் நான். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒருவர் என் வீட்டுக் குறையை எனக்குக் காட்டினார். மறுமாதம் முதல் ஒவ்வொரு கூட்டமும் முந்தைய தீர்மானங்களின் நிலையை வாசிப்பதோடுதான் தொடங்கியது. முதல் ஆறு மாதம் அது பெரிய சங்கடம். நிறைவேறாதவற்றின் பட்டியலே நீண்டுகொண்டு போயிற்று. பிறகு, நிறைவேற்ற முடியாத தீர்மானங்களைப் போடுவதையே குறைத்துக்கொண்டோம்.

தொழில்முறைப் பெண்களின் சங்கம் என்பதால் மட்டுமே செய்ய முடிந்த பணி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் கீழ் செய்ததைச் சொல்வேன். 2013இல் வந்த அந்தச் சட்டப்படி, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் அங்கே பணிபுரியும் மூத்த பெண்ணாகவும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாகவும் இருக்க வேண்டும். ஒருவர் வெளியாளாக, பெண்கள் நலனுக்காக இயங்கும் அமைப்பைச் சேர்ந்தவராகவோ இத்தகைய பிரச்சினைகளில் பழக்கம் உள்ளவராகவோ இருக்க வேண்டும். ஓசூர் சிப்காட் முதல் தருமபுரியின் தனியார் பள்ளிகள் வரை இந்த வெளியாளுக்கான தேவை இருந்தது. எங்கள் உறுப்பினர்கள் எட்டுப் பேர் சட்டத்தையும் விதிகளையும் படித்து, ஒருவருக்கொருவர் பாடம் எடுத்துக்கொண்டு இந்தப் பணிக்குப் போனார்கள்.

இதற்கு விதிகளில் குறிக்கப்பட்டுள்ள படித்தொகை, விசாரணை நடக்கும் நாளொன்றுக்கு 200 ரூபாயும் பயணச் செலவும்தான். ஒரு நாள் நீதிமன்றத்தை விட்டுவிட்டு ஓசூர் போய் வரும் வழக்கறிஞருக்கு அந்தத் தொகை என்ன பெறும் என்பதை நான் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. இருந்தும் போனார்கள். ஆனால் அவர்களுடைய நேரத்தை எல்லாரும் அந்த மதிப்போடு பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது. எங்கள் தோழி ஒருத்தி ஒரு நிறுவனத்தின் குழுவில் வெளி உறுப்பினராக இருந்தாள். கூட்டம் நடந்ததாகக் குறிப்பெல்லாம் தட்டச்சு செய்து முடித்துவிட்டு, கையொப்பம் மட்டும் வாங்கிக்கொண்டு போக ஆள் அனுப்பினார்கள். விசாரணைக்குத் தலைமை உறுப்பினர் உட்பட மூன்று பேராவது உட்கார வேண்டும் என்பது விதி. புகாரைப் படிக்காமல், யாரும் உட்காராமல், எதற்குக் கையொப்பம் என்று கேட்டுத் தாளைத் திருப்பி அனுப்பினாள். மறு ஆண்டு அவளுக்கு அழைப்பு வரவில்லை. நிறுவனத்தின் பெயரையோ புகாரின் விவரத்தையோ அவள் எங்களிடமும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அந்த இரகசியத்தைக் காப்பது சட்டத்தின் கட்டளை. நடந்த முறையை மட்டும் கூட்டத்தில் எடுத்து வைத்தாள். ‘தான் கலந்துகொள்ளாத கூட்டத்தின் குறிப்பில் உறுப்பினர் எவரும் கையொப்பமிடக் கூடாது’ என்று அன்று தீர்மானம் போட்டோம். எனக்குத் தெரிந்து, எங்கள் புத்தகத்தில் ஒரு நாளும் மீறப்படாத தீர்மானம் அது ஒன்றுதான்.

பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களில் உள்ள பெண்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம், பொதுவாகச் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் தர வேண்டும். துணிக்கடைகளிலும் மருந்துக்கடைகளிலும் நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்களிடம் இதைச் சொல்வதற்கு, அவர்களுடைய மதிய உணவு இடைவேளையில் இரண்டிரண்டு பேராகப் போனோம். பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும், அதையும் அவர்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார்கள். ஏரியூரில் கற்ற பாடத்தால், அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

பணத்தைப் பற்றி ஓரிரு வார்த்தை. சந்தாவும் நன்கொடையும் சேர்ந்துதான் எங்கள் வரவு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரும் நன்கொடைக்கு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு தரும் வரிச்சலுகை கிடையாது என்பதைத் தெரிந்துகொண்டே ரொக்கத்தை நீட்டி ரசீதைப் பிரித்துக் கேட்டவர்களை, நான் பொருளாளராக இருந்தபோது திருப்பி அனுப்பியிருக்கிறேன். சங்கத்துக்கு அதனால் கொஞ்சம் நட்டம், எனக்குக் கொஞ்சம் கெட்ட பெயர். இதைவிட எழுத இதில் ஒன்றுமில்லை.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, செயற்குழுவின் பதவிக் காலத்தை மூன்று ஆண்டுகளுக்கு மேல் நீட்ட விடுவதில்லை, மீண்டும் தேர்ந்தெடுக்கப்படலாம். தலைவராக என் மூன்று ஆண்டுகள் முடிந்தபோது, இன்னொரு முறை இருங்கள் என்று பலரும் சொன்னார்கள். அதில் பாசம் பாதி, தங்கள் தலையில் வந்து விழுந்துவிடக் கூடாதே என்ற பயம் பாதி. எனக்கும் ஆசை இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் செயலாளராகவும் தலைவராகவும் ஆறு ஆண்டுகள் நானே எல்லாவற்றையும் கையில் வைத்திருந்ததில், வங்கிக் கணக்கின் விவரமும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டிய படிவங்களும், எந்த மருத்துவரை எந்த நேரத்தில் அழைக்கலாம் என்பதும் என் மண்டைக்குள்ளேயே இருந்தன. ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது சங்கமே படுத்துவிட்டது. அப்போதுதான் எழுதத் தொடங்கினேன். கடைசி ஓராண்டில் ஒவ்வொரு வேலையையும் செய்து முடித்த அன்றே, அதை எப்படிச் செய்தேன் என்று ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வைத்தேன். அதில் தொண்ணூற்றாறு பக்கம் நிறைந்தது.

எனக்குப் பின் தலைவரானவர் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக் கால்நடை மருத்துவர். என்னைவிடப் பதினாறு வயது இளையவர். நோட்டை வாங்கிக்கொண்டு, “படிச்சுட்டு வேணாங்கறத எடுத்துடறேன் மேடம்” என்றார். முதல் கூட்டத்திலேயே நேரத்தை மாற்றினார். கைக்குழந்தை வைத்திருக்கும் உறுப்பினர்கள் கைபேசி வழியாகவும் கலந்துகொள்ளலாம் என்றார். நேரில் வந்தால்தான் கூட்டம் என்று நினைக்கும் எனக்கு அது பிடிக்கவில்லை. வாக்களிப்பில் கையைத் தூக்கவில்லை. இருபத்தொன்பது பேர் தூக்கினார்கள்.

செப்டம்பர் கூட்டத்துக்கு நான் போகவில்லை. செப்டம்பர் 30க்குள் முடிக்க வேண்டிய வரித் தணிக்கை அறிக்கைகளில் தலை மூழ்கிக் கிடந்தேன். அன்று சனிக்கிழமை என்பதே மறந்துவிட்டது. அக்டோபரில் போய் உட்கார்ந்தபோது, புதிய செயலாளர் சென்ற மாத வருகையை வாசித்தார். என் பெயர் வந்ததும் ஒரு கணம் நிறுத்தி, “காரணம் தெரிவிக்கப்படவில்லை” என்று படித்தார். நான் பேனாவை எடுத்துக்கொண்டு பதிவேட்டுக்குக் கை நீட்டினேன். அந்தப் பெண் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“முடிச்ச பக்கத்துல எழுதக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் நோட்டுல எழுதியிருக்கீங்க?”

எந்தப் பக்கம் என்று கேட்டேன். நாற்பத்தொன்றாம் பக்கம் என்றார். அக்டோபர்ப் பக்கத்தில் என் பெயருக்கு நேரே கையொப்பமிட்டுவிட்டு, பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.